ஆமைத் தொட்டிக்கு யூவிபி விளக்கு: வாங்குவது முதல் மாட்டுவது வரை

எங்கள் ஆமைக்கு ஒன்றேகால் வயது இருக்கும்போது, தண்ணீர் மாற்றுவதற்காக ஒருநாள் அதைக் கையில் எடுத்தேன். ஓட்டின் பின்பக்க ஓரத்தில் கட்டைவிரல் பட்ட இடம் உள்ளே அமுங்கியது. ஊறிப்போன அட்டையை அமுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. விரலை எடுத்ததும் மெதுவாகப் பழைய நிலைக்கு வந்தது. அன்று மாலையே கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “வெயில் படுதா?” என்பதுதான்.

“ஜன்னல் ஓரமாத்தான் டாக்டர் தொட்டி இருக்கு. காலையில ரெண்டு மணி நேரம் நல்ல வெயில்.”

“ஜன்னல் கண்ணாடி திறந்திருக்குமா, மூடியிருக்குமா?”

மூடித்தான் இருந்தது. ஒரு வருஷமாக எங்கள் ஆமைக்கு வெளிச்சம் கிடைத்திருக்கிறது, சூடும் கிடைத்திருக்கிறது. அதற்கு மிகவும் தேவையான ஒன்று மட்டும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதை, இப்போதுதான் ஆமை வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் செங்காது ஆமைக்குப் பொருந்தும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையோடு, உள்ளங்கை அளவில் மீன் கடைகளில் விற்கிறார்களே, அந்த ஆமைதான். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. நம் ஊர்க் குளத்து ஆமைகளையும் நட்சத்திர ஆமையையும் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றை அதனதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இந்த விளக்கு என்ன செய்கிறது

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்கள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ 280 முதல் 320 நானோமீட்டர் வரையுள்ள பகுதிதான் யூவிபி. இது தோலில் படும்போது, தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3 ஆகும் வேலை தொடங்குகிறது. அந்த வேலை முடிய உடம்பில் சூடும் வேண்டும். டி3 இருந்தால்தான் சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் சரியாக உறிஞ்சும். இல்லாவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். ஆமையின் ஓடும் எலும்புதான். அதனால் ஓடு மெத்தென்று ஆகும், கோணலாக வளரும், கால்கள் வலுவிழந்து உடம்பை இழுத்து இழுத்து நகரும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். ஓடு ஒருமுறை கோணிவிட்டால் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவிபியை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும். அக்ரிலிக் மூடியும் பாலிகார்பனேட் ஷீட்டும் அதே கதைதான். விளக்குக்கும் ஓட்டுக்கும் நடுவில் காற்றைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. புதிதாக வளர்ப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

கடையில் எதை வாங்கக் கூடாது

பணம் வீணாவதும் ஆமைக்கு ஆபத்து வருவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, “யூவிஏ + யூவிபி” என்று அட்டையில் அச்சடித்து, 25, 50, 75 வாட்டில் மலிவாக விற்கும் சின்ன ஸ்பாட் பல்ப். உள்ளே இருப்பது சாதாரண இழை அல்லது ஹாலஜன். இழை பல்ப் சூடு தரும், யூவிஏ என்ற இன்னொரு வகைப் புறஊதாக் கதிரும் கொஞ்சம் தரும். ஆமைக்குப் பயன்படும் அளவு யூவிபி அதிலிருந்து வராது. நாங்கள் முதலில் வாங்கியது இதைத்தான். ஆமை தினமும் ஏறி அதன் கீழே படுத்தது, பார்க்க நன்றாக இருந்தது, எலும்புக்கு ஒரு பயனும் இல்லை. சூட்டுக்கு மட்டும் என்று தெரிந்து வாங்கினால் தவறில்லை.

இரண்டாவது, நீலமாகவோ ஊதாவாகவோ ஒளிரும் அலங்கார விளக்குகள். ஊதா நிறம் தெரிகிறது என்பதால் அது யூவிபி ஆகிவிடாது. நகப்பூச்சு காயவைக்கும் விளக்கும் இந்த வகைதான்.

மூன்றாவது மிக ஆபத்தானது. மீன்தொட்டித் தண்ணீரின் கிருமியைக் கொல்லவும், வீட்டுத் தண்ணீர்ச் சுத்திகரிப்பானிலும் பயன்படுத்தும் யூவி விளக்கு. அது 254 நானோமீட்டரில் எரியும் யூவிசி என்ற வகைக் கதிர். ஆமையின் கண்ணையும் தோலையும் எரித்துவிடும், உங்கள் கண்ணையும் சேர்த்து. “யூவி லைட் இருக்கா?” என்று மட்டும் கேட்டால் சில கடைகளில் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். ஊர்வனவற்றுக்கான யூவிபி ட்யூப் என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள்.

“ஃபுல் ஸ்பெக்ட்ரம்” என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். நீர்ச்செடிகளுக்கான எல்இடி மீதுகூட அப்படி எழுதியிருக்கும்.

எதை வாங்கலாம்

நான் சொல்வது டி5 எச்ஓ வகை நீள ட்யூப், அதாவது அதிக ஒளி தரும் ஒல்லியான ட்யூப். கையளவு சுருள் பல்புகளும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் அவற்றின் யூவிபி ஒரு சின்ன வட்டத்தில் மட்டும் விழும். ஆமை கொஞ்சம் நகர்ந்தாலே ஒன்றுமில்லை. சூட்டையும் யூவிபியையும் சேர்த்துத் தரும் பாதரச ஆவி பல்ப் பெரும்பாலும் 100 வாட் அல்லது அதற்கு மேல் இருக்கும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் சித்திரை வைகாசியில் அதைப் போட்டால் மேடை தோசைக்கல் ஆகிவிடும். அதன் வெளிச்சத்தை டிம்மர் வைத்துக் குறைக்கவும் முடியாது.

ட்யூபின் மேல் 5.0, 10.0 என்றோ 6%, 12% என்றோ போட்டிருக்கும். ஆர்கேடியா, ஜூமெட் இரண்டும் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் உள்ள பெயர்கள். எண் பெரியதானால் யூவிபி அதிகம், அவ்வளவுதான். பெரிய எண் நல்லது, சிறிய எண் மோசம் என்று இல்லை. எவ்வளவு உயரத்தில் தொங்கவிட இடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு கீழே வருகிறது.

மூன்றடித் தொட்டிக்கு 24 வாட் ட்யூப் போதும், நீளம் 55 சென்டிமீட்டர். நான்கடித் தொட்டிக்கு 39 வாட். தொட்டி முழுவதையும் விளக்கால் மூட வேண்டாம். ஒரு பக்கம் நிழல் இருந்தால்தான், “போதும்” என்று தோன்றும்போது ஆமை விலகிப் போக முடியும்.

இன்னொன்று, ட்யூபை மட்டும் வாங்கி வீட்டில் இருக்கும் பழைய பட்டியில் (ட்யூபைப் பொருத்தும் சட்டம்) மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். 14 வாட் சாதாரண டி5 ட்யூபும் 24 வாட் எச்ஓ ட்யூபும் ஒரே நீளம். பொருத்தினால் கச்சிதமாக உட்காரும், எரியவும் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டியில் உள்ள பேலஸ்ட், அதாவது ட்யூபுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம், இதற்கு வேண்டிய மின்சாரத்தைத் தராது, யூவிபி வெகுவாகக் குறைந்துவிடும். எல்இடி பட்டியில் பேலஸ்டே கிடையாது. எச்ஓ பேலஸ்ட் உள்ள, உள்புறம் பளபளப்பான பிரதிபலிப்பான் வைத்த பட்டியாகக் கேட்டு வாங்குங்கள். ஈரம் புகாதபடி ஐபி67 தரத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

முதலில் மேடை, பிறகு விளக்கு

ஆமை வெயில் காயும் மேடை தண்ணீருக்கு வெளியே முழுக்கக் காய்ந்து இருக்க வேண்டும். பாதி நனைந்த மேடையில் ஓட்டின் அடிப்பக்கம் ஈரமாகவே இருந்து பூஞ்சை பிடிக்கும். உடம்பு முழுதும் தாராளமாகப் படுக்கும் அகலம், நகம் பற்றும் சொரசொரப்பான சாய்வு, ஏறும்போது ஆடாத பிடிப்பு, இவை மூன்றும் இருக்க வேண்டும். உறிஞ்சு ரப்பரில் ஒட்டும் மிதவை மேடைகள் குட்டிகளுக்குச் சரி. பெண் ஆமை 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். அந்த எடைக்கு அது தாங்காது.

மேடை நிலையான பிறகுதான் உயரத்தை அளக்க முடியும். விளக்கை மாட்டிவிட்டு மேடையை நகர்த்திக்கொண்டிருந்தால் எல்லாக் கணக்கும் தவறும்.

டேப் எடுத்து அளங்கள்

யூவிபியின் வலிமை தூரத்தோடு மிக வேகமாகக் குறையும். தூரம் இரு மடங்கானால் வலிமை பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் உங்கள் கண்ணுக்கு வெளிச்சம் ஏறக்குறைய அதே மாதிரிதான் தெரியும். அதனால் கண்ணை நம்ப வேண்டாம், டேப்பை நம்புங்கள்.

பிரதிபலிப்பானோடு கூடிய டி5 எச்ஓ ட்யூபுக்கு, நடுவில் வலை எதுவும் இல்லாதபோது ஏறத்தாழ இந்தத் தூரம்:

5.0 அல்லது 6% என்றால் 25 முதல் 30 சென்டிமீட்டர்.
10.0 அல்லது 12% என்றால் 35 முதல் 45 சென்டிமீட்டர்.

தயாரிப்பாளர் பெட்டியில் தூர அட்டவணை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். அளவை மேடையிலிருந்து எடுக்கக் கூடாது. மேடையில் படுத்திருக்கும் ஆமையின் ஓட்டு உச்சியிலிருந்து ட்யூப் வரை எடுக்க வேண்டும். ஆமை தலையைத் தூக்கினால் இன்னும் சில சென்டிமீட்டர் நெருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எங்கள் தொட்டியையே உதாரணமாகச் சொல்கிறேன். உயரம் 45 சென்டிமீட்டர். தண்ணீர் 30. மேடையின் தளம் 33. படுத்திருக்கும் ஆமையின் உயரம் 6. ஆக, ஓட்டு உச்சி தரையிலிருந்து 39 சென்டிமீட்டரில் இருக்கிறது. 12% ட்யூப் 38 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டுமென்றால், அது தரையிலிருந்து 77 சென்டிமீட்டரில் தொங்க வேண்டும், அதாவது தொட்டி விளிம்புக்கு மேலே 32 சென்டிமீட்டர். 6% ட்யூபை 28 சென்டிமீட்டரில் வைத்தால் விளிம்புக்கு மேல் 22 போதும். எங்கள் தொட்டிக்கு மேலே அலமாரி இருந்ததால் 6% தான் ஒத்துவந்தது. இந்த ட்யூபைத் தொட்டி மூடியின் மீதே படுக்க வைத்திருந்தால், ஓட்டுக்கு மேல் வெறும் 6 சென்டிமீட்டரில் எரிந்திருக்கும். கண் எரிச்சலும் தோல் புண்ணும் நிச்சயம்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஓட்டு உச்சியிலிருந்து விளிம்புக்கு 6 சென்டிமீட்டர்தான். நிமிர்ந்து நின்றால் ஆமை வெளியே விழுந்துவிடும். மேடைக்கு மூன்று பக்கமும் தடுப்பு வையுங்கள், மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். பூனை தொந்தரவு இருந்து மேலே வலை போட்டே ஆக வேண்டும் என்றால், கண் பெரிய வலையாகப் பாருங்கள். நெருக்கமான கொசுவலை மாதிரியான மெஷ் யூவிபியில் மூன்றில் ஒரு பங்கை, சில சமயம் பாதியைக்கூடத் தடுத்துவிடும். அப்போது ட்யூபைச் சில சென்டிமீட்டர் கீழே இறக்க வேண்டியிருக்கும்.

தொங்கவிட ஹார்டுவேர் கடைச் சங்கிலி சிறந்தது. கண்ணி கண்ணியாக ஏற்றி இறக்கலாம். ஆமை வளர வளர இது தேவைப்படும். கிளிப்பை மட்டும் நம்பித் தண்ணீருக்கு மேல் விளக்கை மாட்டாதீர்கள். கிளிப் இருந்தாலும் சங்கிலி ஒன்று கூடவே இருக்கட்டும்.

விளக்கு எப்போதும் நேர் மேலிருந்துதான் வர வேண்டும். வெயில் தலைக்கு மேலிருந்து வருவதற்கு ஏற்றபடி ஆமையின் கண்மேடு நிழல் கொடுக்கிறது. பக்கவாட்டில் வைத்தால் கதிர் நேராகக் கண்ணுக்குள் போகும். பட்டி உங்கள் உட்காரும் உயரத்தில் இருந்தால், எதிரே உட்காரும் குழந்தையின் கண்ணுக்கு நேராக ட்யூப் தெரிகிறதா என்றும் குனிந்து பாருங்கள். தெரிந்தால் அந்தப் பக்கம் ஒரு மறைப்பு வையுங்கள்.

முடிந்தவர்கள் சோலார்மீட்டர் 6.5 என்ற யூவி குறியீட்டுக் கருவியால் அளக்கலாம். ஓட்டு உயரத்தில் 2.5க்கும் 4க்கும் நடுவில் காட்டினால் நன்று. விலை அதிகம்தான். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

சூட்டுக்குத் தனி பல்ப்

டி5 ட்யூப் போதிய சூடு தராது. ஆமை மேடையேறுவதே சூட்டுக்காகத்தான். அதனால் சூட்டு பல்பின் வட்டமும் யூவிபி விழும் இடமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழ வேண்டும். ஒரு முனையில் சூடு, மறுமுனையில் யூவிபி என்று பிரித்தால் ஆமை சூட்டுப் பக்கமே கிடக்கும்.

மேடையின் மேல்பரப்பு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், தண்ணீர் 24 முதல் 27. மேடையில் வெப்பமானியைப் படுக்க வைத்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். சமவெளி ஊர்களில் கோடையில் அறையே 34 டிகிரி இருக்கும். அந்த மாதங்களில் சூட்டு பல்பை அணைத்துவிட்டு யூவிபியை மட்டும் எரியவிடலாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு வருஷம் முழுக்க இரண்டும் வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும்

நம் வீட்டு ஹோல்டர்கள் பெரும்பாலும் பின் வகை. சூட்டு பல்புகள் இ27 என்ற திருகு வகை. கடைக்காரர் பிளாஸ்டிக் மாற்றி ஒன்றைக் கொடுப்பார். சூட்டு பல்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம், உருகும். திருகு வகைப் பீங்கான் ஹோல்டரே வாங்குங்கள்.

ஒயர் விளக்கிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக்கை விடத் தாழ்வாக ஒரு தொய்வு விட்டு, பிறகு மேலே ஏற்றிச் சொருகுங்கள். ஒயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல், தொட்டி விளிம்பைவிட உயரத்தில் சுவரில் அடியுங்கள். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லையென்றால் விளக்கு வாங்கும் முன் அதைப் போடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. தண்ணீருக்குள் கை விடும் முன் எல்லா சுவிட்சையும் அணைப்பதும் அப்படியே.

ஆமை தொப்பென்று குதிக்கும்போது தெறிக்கும் தண்ணீர் சூடான பல்பில் பட்டால் கண்ணாடி வெடிக்கும். மேடை ஓரத்துக்கு நேர் மேலே சூட்டு பல்ப் வேண்டாம், கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள்.

நேரம்

தினமும் 10 முதல் 12 மணி நேரம். காலை 7 மணிக்கு எரிந்து மாலை 6 மணிக்கு அணையும்படி டைமர் போட்டுவிடுங்கள். ராத்திரி இருட்டு வேண்டும். செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு: 24 வாட் ட்யூப் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 17 யூனிட் சேரும். 50 வாட் சூட்டு பல்ப் 10 மணி நேரம் என்றால் இன்னும் 30.

மொட்டைமாடி வெயில்

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லையே, எதற்கு விளக்கு என்று என் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். வெயிலுக்கு ஈடான விளக்கு கிடையாது. தினமும் கொண்டுபோய்க் காட்ட முடிந்தால் நல்லது. மழைக்காலத்திலும் வேலை நாட்களிலும் அது நடப்பதில்லை என்பதால்தான் விளக்கு.

விடிந்ததும் வரும் இளவெயிலில் யூவிபி மிகக் குறைவு. நின்று பாருங்கள், உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருக்கும்வரை யூவிபி போதாது. நிழல் உங்களைவிடக் குட்டையான பிறகு, வெயில் சுடுவதற்கு முன், 15 முதல் 20 நிமிடம் போதும். அகலமான பிளாஸ்டிக் டப்பில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பாதிக்கு மேல் ஒரு பலகை போட்டு நிழல் கொடுத்து அதில் விடுங்கள். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைக்கவே கூடாது, தண்ணீர் ஆமைக்கு ஆபத்தான அளவுக்கு வேகமாகச் சூடேறிவிடும். பக்கத்திலேயே இருங்கள். காக்கை கண்ணிமைக்கும் நேரத்தில் கொத்திவிடும்.

கூடவே சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கணவாய் ஓடு கிடைக்கும். பின்பக்கக் கெட்டி ஓட்டைச் சுரண்டிவிட்டு ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் ஆமை கடித்துக்கொள்ளும்.

முதல் வாரம்

புது விளக்கைக் கண்டு ஆமை இரண்டு மூன்று நாள் மேடையேறாமல் இருக்கலாம். எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள், ஆள் நடமாட்டம் இருந்தால் ஏறாது. ஒரு வாரமாகியும் ஏறவில்லை என்றால் மேடை அதிகச் சூடா, சாய்வு வழுக்குகிறதா, தண்ணீரே 30 டிகிரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் சுகமாகச் சூடாக இருந்தால் அது எதற்கு மேலே வரும்?

கண்ணை மூடியே வைத்திருக்கிறது, முன்காலால் தேய்க்கிறது, இமை வீங்குகிறது என்றால் விளக்கை உடனே அணைத்து, தூரத்தை மறுபடி அளங்கள். அழுக்குத் தண்ணீராலும் வைட்டமின் ஏ குறைவாலும்கூடக் கண் வீங்கும். காரணம் எதுவானாலும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நாள் பின்னங்கால்கள் இரண்டையும் பின்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வு தெரியும்படி விரித்து, கழுத்தை முழுதும் வெளியே விட்டுப் படுத்திருக்கும். எங்கள் ஆமை ஐந்தாம் நாள் அப்படிப் படுத்தது.

ட்யூபில் தேதி எழுதுங்கள்

மாட்டும் அன்றே ட்யூபின் ஓரத்தில் மார்க்கரால் தேதி போட்டுவிடுங்கள். வெளிச்சம் குறையாமலே யூவிபி தீர்ந்துபோகும். டி5 எச்ஓ ட்யூபை 12 மாதத்தில், பழைய தடித்த டி8 ட்யூபை 6 மாதத்தில் மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை, அணைத்து ஆறிய பிறகு, ஈரத் துணியால் துடையுங்கள். தண்ணீர் தெறித்து உப்பு படிந்த ட்யூப் யூவிபியைத் தடுக்கும்.

ட்யூபுக்குள் கொஞ்சம் பாதரசம் உண்டு. உடைந்தால் ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, துடைப்பம் போடாமல் கெட்டி அட்டையால் வாரி, மிச்சத் துகளை ஒட்டு டேப்பில் எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். தொட்டிக்குள் விழுந்தால் முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு ஆமையை வேறு டப்புக்கு மாற்றி, கையுறை போட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, தண்ணீர் முழுவதையும் மாற்றுங்கள். ஆயுள் முடிந்த ட்யூபையும் வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.